எந்தத் தெரு?

சீவலப்பேரிக்காரர் சிங்கப்பூரில் இறங்கியதும் ஊர்க்காரரைத் தேடுகிறார். தப்பில்லை. தங்க இடம், வேலைக்குச் சிபாரிசு, காய்ச்சல் வந்தால் கஞ்சி. வேறு யார் தருவார்? ஆனால், கண்டதும் "நீங்க எந்தத் தெரு?" என்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சிற்றாறும் தாமிரபரணியும் கலக்கிற ஊரில் பிறந்தவருக்கு இந்தக் கேள்வி எப்படித்தான் வருகிறதோ! கடல் கடந்தும் தெருவைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டா போவது?

"சங்கம்னா நம்ம ஆளுகதானே அண்ணாச்சி?" என்றார் அங்கிருந்து வந்த நண்பர்.

நம்ம ஆள் யார்? 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952-இல் அதே சிங்கப்பூரில் தமிழர் திருநாளை ஆரம்பித்தது, சாதி மதம் பாராமல் தமிழரை ஒன்றுகூட்டத்தான். இதைச் சொன்னேன். நண்பர் பேச்சை மாற்றினார்.

அவருடைய சங்கத்தில் பதினேழு பேர். தலைவர் பதவிக்கு இப்போதே இரண்டு கட்சி.