"அம்மா" என்று கூப்பிட்டால் மட்டும் போதுமா?

நர்ஸ் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே கைவிளக்கோடு வந்துவிடுகிறார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு பெண்மணி கைவிளக்கோடு போர்க்களத்தில் அலைந்திருக்கிறார். பெயர் மேரி ஆன் பிக்கர்டைக். இரண்டு பையன்களுக்குத் தாய், கணவரை இழந்தவர், சர்ச்சில் ஈடுபாடு உள்ளவர். படைவீரர்கள் அவரை "மதர் பிக்கர்டைக்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் இந்தப் பட்டத்தைக் கொடுத்த நாடு அவருக்கு வேறு என்ன கொடுத்தது? அதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

மேரி 1817ல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். 1856ல் குடும்பத்தோடு இல்லினாய்ஸ் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் ஊருக்குக் குடிவந்தார். 1859ல் கணவர் இறந்துபோனார். மூலிகை வைத்தியம் பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார்.

1861ல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அந்த ஊர் சர்ச்சில் போதகர் எட்வர்ட் பீச்சர் ஒரு கடிதத்தை வாசித்தார். (இவர் "அங்கிள் டாம்ஸ் கேபின்" எழுதிய ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் அண்ணன்.) கடிதத்தை எழுதியவர் அதே ஊர்க்காரரான ஒரு ராணுவ டாக்டர். அந்த மாநிலத்தின் தென்கோடியில் கெய்ரோ என்ற ஊரில் ராணுவ முகாம் இருந்தது. அங்கே பையன்கள் குண்டடி படாமலே, அழுக்குக் கூடாரங்களில் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சபையார் சுமார் 500 டாலர் மதிப்புள்ள துணிமணி, உணவு, மருந்து எல்லாம் திரட்டினார்கள். யார் கொண்டு போவது? மேரி கிளம்பினார்.

கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் போர் முடியும்வரை, நான்கு ஆண்டுகள், அவர் அந்த வேலையிலேயே இருந்துவிட்டார். 19 போர்களில் காயம்பட்டவர்களைக் கவனித்திருக்கிறார். 1862ல் ஃபோர்ட் டொனல்சன் சண்டை முடிந்த இரவில், பிணங்களுக்கு நடுவே இன்னும் யாருக்காவது உயிர் இருக்கிறதா என்று விளக்கோடு தேடினார் என்று சொல்வார்கள்.

அவர் செய்த வேலைகளைப் பட்டியல் போட்டால் மிகச் சாதாரணமாகத் தெரியும். குளிப்பாட்டினார். அழுக்கு வைக்கோலை எரித்துப் புது வைக்கோல் போட்டார். துணி துவைக்க ஏற்பாடு செய்தார். சூப் காய்ச்சினார். மெம்ஃபிஸ் நகர மருத்துவமனைகளில் நல்ல பாலும் முட்டையும் கிடைக்கவில்லை என்று சொந்த மாநிலத்துக்குப் போய், பசுக்களையும் கோழிகளையும் நன்கொடையாகத் திரட்டிக்கொண்டு வந்தார்! "இதெல்லாம் வீட்டில் அம்மா செய்கிற வேலைதானே" என்று தோன்றும். அங்கேதான் தப்பு நடக்கிறது. அந்தப் போரில் இறந்த வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் நோயில் இறந்தவர்கள். குண்டுக்குப் பலியானவர்கள் அதில் பாதிதான். கிருமி என்ற ஒன்று இருப்பதே டாக்டர்கள் பலருக்குத் தெரியாத காலம் அது. அந்த நேரத்தில் சோப்பும் சுத்தமான படுக்கையும் சூடான சூப்பும்தான் கையில் இருந்த பெரிய மருந்து. அதைத் தெரிந்து வைத்திருந்தது ஒரு திறமை. அன்பு மட்டும் இருந்தால் அது வராது.

சாதுவான தேவதை என்றும் அவரை நினைத்துவிடக் கூடாது. குடித்துவிட்டுப் படுத்துக்கிடந்து நோயாளிகளைப் பட்டினி போட்ட ஒரு ராணுவ டாக்டரை வேலையை விட்டே தூக்க வைத்தார். அந்த டாக்டர் ஜெனரல் ஷெர்மனிடம் முறையிட்டபோது, "அந்தம்மா என்னைவிடப் பெரிய பதவியில் இருப்பவர், என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்கிற மாதிரி ஷெர்மன் கையை விரித்துவிட்டாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காதவர்களே இல்லை. ஆனால் உண்மையில் மேரியிடம் எந்த ராணுவப் பதவியும் இல்லை. சானிடரி கமிஷன் என்ற நிவாரண அமைப்பின் ஏஜெண்டாகத்தான் இருந்தார். ஒவ்வொரு முறையும் சண்டை போட்டுத்தான் தன் நோயாளிகளுக்கு வேண்டியதை வாங்கினார்.

சரி, அந்த இரண்டு பையன்கள்? அம்மா போர்முனையில் இருந்த ஆண்டுகளில் அவர்கள் மற்றவர்கள் பொறுப்பில் வளர்ந்தார்கள். "ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மா, சொந்தப் பிள்ளைகளுக்கு இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியை ஷெர்மனிடம் யாராவது கேட்டார்களா? 1863ல் முகாமுக்கு அப்பாவைப் பார்க்க வந்த அவருடைய ஒன்பது வயது மகன் வில்லி, டைபாய்டு கண்டு மெம்ஃபிஸில் இறந்துபோனான். ஷெர்மன் உடைந்துபோனார். ஊர் அவருக்காக அழுதது. அவர் நல்ல அப்பாவா என்று விசாரணை வைக்கவில்லை. வேலைக்குப் போன அம்மாவுக்கு மட்டும் அந்த விசாரணை இன்றைக்கும் நடக்கிறது, இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது பணக் கணக்கைப் பார்க்கலாம். அந்தப் போரில் ராணுவம் அமர்த்திய நர்ஸுக்குச் சம்பளம் ஒரு நாளைக்கு 40 சென்ட், அதாவது மாதம் 12 டாலர். போர் முடிந்த 1865ல் வாஷிங்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் மேரி குதிரையில் ஏறிப் போனார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அதோடு சரி! அதன் பிறகு பிழைப்புக்காக அவர் பல வேலைகள் பார்த்தார். சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச் சாலையில் பார்த்த வேலையும் அதில் ஒன்று. ஓய்வு நேரத்தில் முன்னாள் வீரர்களுக்குப் பென்ஷன் வாங்கித் தர அலைந்தார். அவருக்கே பென்ஷன் கிடைத்தது 1886ல், மாதம் 25 டாலர். போர் முடிந்து 21 ஆண்டு கழித்து, அவருக்கு 69 வயதாகும்போது! மற்ற நர்ஸ்கள் இன்னும் பொறுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கான பென்ஷன் சட்டம் 1892ல்தான் வந்தது. அதுவும் மாதம் 12 டாலர்.

மேரி 1901ல் கான்சஸ் மாநிலத்தில் இறந்தார். கடைசி ஆண்டுகளை மகனோடுதான் கழித்தார். அந்தப் பிள்ளை அம்மாவை ஒதுக்கிவிடவில்லை என்பதை, மேலே உள்ள கேள்வியைக் கேட்பவர்கள் கவனிக்க வேண்டும். 1906ல் கேல்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். காயம்பட்ட வீரனுக்கு மண்டியிட்டுத் தண்ணீர் கொடுக்கும் சிலை, அழகான சிலைதான்.

சேவைக்கு விலை பேசினால் சேவையின் புனிதம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். பக்தியோடு செய்கிறவர்கள் காசை எதிர்பார்க்க மாட்டார்களாம். மேரியின் பக்தியில் யாரும் குறை காண முடியாது. சர்ச்சில் கேட்ட ஒரு கடிதத்துக்காக வீட்டை விட்டுக் கிளம்பியவர் அவர். அவரே வீரர்களுக்கு உரிய பணம் வந்து சேர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தார். உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பது பக்திக்கு எதிரானது என்று அவர் நினைக்கவில்லை. அதைக் கொடுக்காமல் தப்பிக்க நினைப்பவர்கள்தான் பக்தியைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்.

2020ல் கொரோனா பரவியபோது பல நாடுகளில் மக்கள் வாசலில் நின்று நர்ஸ்களுக்காகக் கைதட்டினார்கள். அந்த நன்றி பொய் இல்லை. ஆனால் கைதட்டலை வைத்து வாடகை கட்ட முடியாது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. அம்மா, சிஸ்டர், தேவதை என்று எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூடவே ஒழுங்கான சம்பளம், போதுமான ஆட்கள், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்க நேரம், தப்பு நடந்தால் டாக்டரையும் தட்டிக் கேட்கும் அதிகாரம் இதெல்லாம் வேண்டும். இவற்றைக் கொடுக்காமல் "அம்மா" என்று மட்டும் கூப்பிட்டால், அது மரியாதை இல்லை, ஏமாற்று வேலை.