பூட்டிய கூடத்தில் ஏலமா?

ஏலம் என்பது பலரறியக் கூவி விற்பது. ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூவுவதன் நோக்கம், கூடத்தின் கடைக்கோடியில் நிற்பவனுக்கும் வாய்ப்பளிப்பதே. அக்கூவலுக்கிடையே கதவைப் பூட்டிவிட்டுச் சுத்தியலை மட்டும் ஓங்கி அடித்தால், அதனை ஏலமென்று எவரேனும் ஒப்புவரோ? இணைய ஏலத்தளம் முடங்கியும் அதன் கடிகாரம் நில்லாதபோது நிகழ்வது இதுவே.

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய நாணயம் விற்கும் சிறு வணிகருக்கு இணையம் உலகையே வாடிக்கையாக்கித் தருகிறது. ஆயினும் குறித்த நேரத்தில் முடியும் ஏலத்தில் விலை ஏறுவது பெரும்பாலும் இறுதி நிமிடங்களிலேதான். அந்நேரத்தில் தளம் முடங்கின், நூறு வெள்ளி பெறும் நாணயம் இருபது வெள்ளிக்குப் போகும். விற்பவருக்கு இழப்பு, காத்திருந்து கேட்க வந்தவருக்கு ஏமாற்றம்.

1999 ஜூன் திங்களில் அமெரிக்காவின் ஈபே நிறுவனத்தின் தளம் ஏறத்தாழ 22 மணி நேரம் முடங்கியது. நிறுவனம் கட்டணங்களைத் திருப்பித் தந்தது, ஏலங்களை நீட்டித்தது. பாராட்டத்தக்கதே. ஆனால், இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முடங்கினால்தான் நீட்டிப்பு என்பது அன்று அதன் விதியாக இருந்தது. இறுதி ஐந்து நிமிடத்தில் கெட்டவனுக்கு அவ்விதியால் பயன் யாது?

“பொறி பழுதாவது இயற்கை, யார் என் செய்வது?” என்பர் சிலர். பழுது இயற்கையாகலாம், அதன் இழப்பை யார் தலையில் சுமத்துவது என்பது மனிதர் எழுதும் விதியன்றோ? அமேசான் 1999இல் தொடங்கிய ஏலத்தில், இறுதிப் பத்து நிமிடத்துள் எவரேனும் விலை கேட்டால் ஏலம் மேலும் பத்து நிமிடம் நீண்டது. கடிகாரத்தை நீட்டுவது அரிய செயலன்று என்பதற்கு இதுவே சான்று.

தளம் நலமாயிருந்து வழி மட்டும் அறுபடுவதும் உண்டு. 2006 டிசம்பர் 26இல் தைவானை அடுத்து எழுந்த நிலநடுக்கம் கடலடிக் கம்பிவடங்களை அறுக்க, மலேசியா உள்ளிட்ட பல நாடுகளில் இணையம் தளர்ந்தது. வழி அறுந்தவன் ஊமையாகிறான். அறாதவன் மலிவாகக் கொள்கிறான். முழு முடக்கத்தினும் கொடியது இது.

நாணயத்தோடு இது முடிவதில்லை. கடனுக்கு ஈடான வீடுகளை மலேசிய நீதிமன்றங்களும் இ-லெலோங் என்னும் இணைய ஏலத்தில் விற்கின்றன. அங்கு விலை குறைந்தால் வீட்டை இழந்தவன் எஞ்சிய கடனையும் சுமக்க வேண்டும். அவன் கண்ணீருக்குப் பழுதடைந்த பொறி பொறுப்பேற்குமா?

ஆகவே, தளம் நின்றால் கடிகாரமும் நிற்க வேண்டும். இறுதியில் விலை கேட்கப்பட்டால் நேரம் நீள வேண்டும். முடங்கிய நேரம் ஒவ்வொன்றும் யாவரும் காணப் பதிவாக வேண்டும். இவற்றை நிறுவனத்தின் பெருந்தன்மைக்கு விடாது சட்டமே விதித்தல் வேண்டும். கதவு திறவாத கூடத்தில் மூன்றாம் தரம் கூவ எவருக்கும் உரிமையில்லை.