பள்ளிக்கரணை காலி மனை அல்ல!

தென்சென்னை மக்களே!

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் தலமானது. பரப்பு 1,247 எக்டேர். பட்டம் கொடுத்துட்டா போதுமா? ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, சுத்தியும் அடுக்குமாடிகள்!

சதுப்பு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்கின்றன 2017 விதிகள். எல்லையே முழுசா அளக்காம ஓரத்துல கட்டட அனுமதி கொடுத்தா, அந்த விதி யாருக்கு?

பூநாரைக்கு ஓட்டு இல்லை. கூழைக்கடா மனு கொடுக்காது. அதனாலதான் இந்த அலட்சியம்! ஆனா, அதுங்க நிற்கிற தண்ணியில மண்ணைக் கொட்டினா அந்தத் தண்ணி எங்கே போகும்? 2015-லயும் 2023-லயும் வேளச்சேரி வீடுகளுக்குள்ள வந்ததே, அங்கேதான்!

அரசே, எல்லையைச் சர்வே எண்களோடு வெளியிடு! அதுவரை ஒரு செங்கலுக்கும் அனுமதி கொடுக்காதே!

#பள்ளிக்கரணையைக்_காப்போம்