கீரைக் கட்டுக்கு எத்தனை வெள்ளி?

அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகள் கல்யாணமாகி மாப்பிள்ளையுடன் கோலாலம்பூர் போகிறாளாம். மலாய் தெரியாத பெண் காய்கறி எப்படி வாங்குவாள் என்பது தாயாரின் கவலை.

பயமே வேண்டாம், அம்மா! உங்கள் திருத்தணி வட்டாரம் 1960-ல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேரம் பேசிய வாய்க்கு மலாய் எம்மாத்திரம்? அங்கே கடை 'கெடாய்', மாங்காய் 'மங்கா'. இரண்டும் நம் வணிகர்கள் விட்டுவந்த சொற்கள்தாம். கீரை 'பாயம்', மீன் 'ஈக்கான்'. 'பெராப்பா?' என்றால் 'என்ன விலை?' மீதியை விரல்கள் பேசிவிடும்.

வாரம் ஒரு நாள் சாயங்காலம் தெருவை அடைத்துக்கொண்டு 'பாசார் மாலாம்' கூடும். அதாவது இரவுச் சந்தை. மறுநாள் வேறு தெரு. கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். ஆனால் கீரை வாடியிருக்கும். மீனை அப்போது தொடவே கூடாது.

என் கவலை வேறு. அங்குள்ள தமிழர் ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். புதிதாகப் போகும் பெண்கள் ஒவ்வொரு வெள்ளியையும் ரூபாயாக்கிப் பார்த்து, "அம்மாடி, ஒரு கட்டுக் கீரைக்கா இவ்வளவு!" என்று வெறுங்கூடையோடு திரும்புவதுண்டு. அப்புறம் ரசமும் அப்பளமுமாக நாள் ஓடும். மசக்கை நேரத்தில் உடம்பு தாங்குமா? மாப்பிள்ளைக்குச் சம்பளமும் வெள்ளியில்தானே! காய்கறிக்கென்று ஒரு தொகையை முதல் மாதமே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கறிவேப்பிலைக்குப் பிரிக்பீல்ட்ஸ் தமிழ்க் கடைகள் இருக்கின்றன.

ஊறுகாய் ஜாடியை மட்டும் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.