பார்த்துக்கொள்பவருக்கும் பயிற்சி வேண்டும்



மார்பகப் புற்றுநோய் பற்றிய தங்கள் கட்டுரை, பரிசோதனையின் அவசியத்தை நன்றாக விளக்கியது. ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது என் மனக்குறை.

சம்பா நடவு நேரத்தில் என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளருகே வைத்த குழாயில் சேரும் நீரை அளந்து எழுதச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்; எப்படி என்று யாரும் காட்டித் தரவில்லை. கீமோ ஏற்றிய பின் தாளிக்கிற வாசனையே அவளுக்குக் குமட்டியது. வாய்ப்புண்ணோடு இறங்கியது ஆறிய நொய்க்கஞ்சி மட்டும்தான். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதைக்கூடப் பக்கத்துப் படுக்கை அம்மாவின் மகள் சொல்லித்தான் அறிந்தேன். உயிர் காக்கும் விஷயம் இப்படித் தற்செயலாகவா தெரிய வேண்டும்?

தங்கை புற்றுநோயில் துடித்ததை உடனிருந்து கண்ட மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. உடனிருப்பவரின் வேதனை அவ்வளவு பெரியது.

டெல்டா மாவட்ட மருத்துவமனைகளில், வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு செவிலியர் அரைமணி நேரம் ஒதுக்கி வீட்டாருக்குக் கற்றுத்தர வேண்டும். 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள், நோயாளியோடு அவரைப் பார்த்துக்கொள்பவரின் உடல்நலத்தையும் விசாரிக்க அரசு உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்