வேகம் ஒரு புண்ணியமா?

புதிதாக வண்டி வாங்கிய வீட்டார் அதைப் பங்குக்கோவில் வாசலில் கொணர்ந்து நிறுத்துவதும், குருவானவர் செபம் சொல்லிப் புனிதநீர் தெளிப்பதும் நம்மிடையே வேரூன்றிய நல்வழக்கம். ஆனால் அந்த நேரத்தில் நாம் இறைவனிடம் வேண்டுவது என்ன? ஓட்டுபவனுக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதே. ஓட்டுபவனால் பிறருக்குத் தீங்கு நேரக்கூடாது என்று எத்தனை தாய்மார் வேண்டுகின்றனர்? இக்கேள்வியை நான் எழுப்புவதற்கு ஒரு காரணம் உண்டு.

என் தங்கை மகன் சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றில் ஒப்பந்தப் பணியாளன். அவனுக்குக் கான்டினென்டல் ஜிடி 650 என்னும் பந்தய வடிவ மோட்டார் சைக்கிள் மீது தீராத ஆசை. விலை மூன்று இலட்சத்துக்கு மேல். கடனுக்குப் பிணையாக என் கையெழுத்து வேண்டும். நான் தயங்கியபோது, "மாமா, ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள், பிறகு பேசுங்கள்" என்றான். நியாயமான பேச்சு. ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்தபின், விற்பனை நிலையம் ஒன்றில் உரிமத்தைக் காட்டி, வெள்ளோட்டத்துக்கு வண்டியைப் பெற்றுக்கொண்டேன்.

மோட்டார் சைக்கிள் நம் பகுதிக்கு அந்நியமன்று. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர் ராயல் என்பீல்டும் இணைந்து என்பீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டே திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவாகலாயிற்று. ஆங்கிலத் தாய் நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் இங்கே வேலை நிற்கவில்லை. 1977 முதல் நம் ஊர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறியது. எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, பின்னர் அசோக் லேலண்டாகிப் பேருந்துகளையும் லாரிகளையும் செய்தது. ஆகவே இப்பகுதியில் பிறந்தவன் இயந்திரத்தை வெறுப்பவனாக இருக்க முடியாது. நானும் 1986-ஆம் ஆண்டுப் புல்லட் ஒன்றை இன்றளவும் ஓட்டி வருபவன்தான்.

இரண்டையும் நேர்மையாக ஒப்பிடுவோம். என் வண்டி 346 கன சென்டிமீட்டர் அளவுடையது, 18 குதிரைத் திறன், நான்கு கியர்கள். புதியது 648 கன சென்டிமீட்டர், இரட்டைச் சிலிண்டர், 47 குதிரைத் திறன், ஆறு கியர்கள். என்னுடையதைக் கிளப்ப ஆம்பியர் மானியின் முள்ளைப் பார்த்து, அமுக்கம் தளர்த்தும் நெம்புகோலைப் பிடித்து, உதைக்க வேண்டும். புதியது விரல் பட்டவுடன் உயிர்பெறுகிறது. என் வண்டியில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். பழக்கத்தால் கியர் தேடிய என் வலக்கால் பிரேக்கை மிதிக்க, புதுவண்டி தயங்காமல் நின்றது. விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். என் டிரம் பிரேக்குகளால் அவ்வாறு நிறுத்த முடியாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பும் என் வண்டியில் இல்லை. பழையது பொன், புதியது பித்தளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறியியல் கணக்கில் புதியதே மேல்.

காசிமேட்டைக் கடந்து எண்ணூர் விரைவுச்சாலையில் திரும்பினேன். ஞாயிறு என்பதால் பெட்டக லாரிகள் குறைவு. கடற்காற்று முகத்தில் அடித்தது. கைப்பிடியைச் சற்றே முறுக்கினேன். நடுக்கம் இல்லை, முனகல் இல்லை. வேகமானியின் முள் மட்டும் ஏறியது. ஐம்பது வயதைக் கடந்தவன் என்பதை மறந்தேன். அந்த இன்பம் பொய்யானது என்று எழுதினால் நான் பொய்யனாவேன்.

எண்பதைத் தாண்டியபோது, தலையில் அன்னக்கூடையுடன் ஒரு மூதாட்டி குப்பத்திலிருந்து வந்து சாலையில் இறங்கிவிட்டதைக் கண்டேன். கண்டேன் என்பதும் சரியன்று. அவர் வெகுநேரமாக அங்கே இருந்திருக்கிறார், நான் காணவில்லை. பிரேக் பிடித்தேன். வண்டி தன் கடமையைச் செய்தது. சில அடிகள் இடைவெளியில் நின்றேன். அவர் என்னை ஏசவுமில்லை, சபிக்கவுமில்லை. கூடையைச் சரிசெய்துகொண்டு, மறுபுறம் பார்த்து, கடந்து போனார். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் என்பது போலிருந்தது அந்த நடை. குறை வண்டியிடம் இல்லை. குறை என்னிடம் இருந்தது.

இதில் மறைபொருள் ஏதுமில்லை, எளிய கணக்குதான். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் போகிறது. நூறில் 28 மீட்டர். கண் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த ஒரு நொடி கழிந்துவிடும். வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. சென்னை மாநகரில் இருசக்கர வண்டிக்கு 2023-இல் விதிக்கப்பட்ட உச்ச வரம்பு ஐம்பது. குடியிருப்புத் தெருக்களில் முப்பது. நூறு மைல் ஓடக்கூடிய வண்டியை இந்நகரில் வாங்குபவன், அதன் திறனில் பெரும்பகுதியை விதியை மீறியே அனுபவிக்க முடியும். கடன் தருபவரும், விற்பவரும், வாங்கித் தரும் பெற்றோரும் இதை அறிந்தே செய்கின்றனர்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்கிறது நடுவண் அரசின் அறிக்கை. அவர்களுள் நடந்து சென்றோர் 32,825 பேர். நூற்றுக்கு எழுபத்தொரு சாவுகளுக்குக் காரணம் அதிவேகம். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு. ஒரு போரில் இத்தனை பேர் மடிந்திருந்தால் நம் ஆலயங்களில் இரங்கற் திருப்பலிகள் நடந்திருக்கும்.

"சாலை சரியில்லை, நடைபாதை இல்லை, பெட்டக லாரிகள்தாம் எமன், அரசைக் கேளுங்கள்" என்பர் சிலர். கேட்கத்தான் வேண்டும். துறைமுகத்தின் சரக்குக்கு வழி வகுத்தவர்கள், அச்சாலையைக் கடக்கும் மீனவப் பெண்ணுக்கும் வழி வகுத்தாக வேண்டும். ஆனால் சாலை மோசம் என்பது மெல்லப் போவதற்குக் காரணமாகுமே அன்றி, விரைந்து போவதற்கு எவ்வாறு காரணமாகும்?

"இளைஞரின் இன்பத்தைப் பறிக்காதீர்" என்பர் வேறு சிலர். பறிக்கச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1960-களில் தேநீர்க் கடைக்குக் கடை மோட்டார் சைக்கிளில் பறந்த இளைஞரை ஊரே வெறுத்தபோது, ஷெர்கோல்டு என்ற ஆங்கிலிக்கக் குருவானவர் அவர்களை ஆலயத்துக்கு அழைத்து, வண்டிகளையும் மந்திரித்து, நண்பராகப் பழகினார். அந்த இளைஞரின் வண்டி வடிவமே இன்று என் தங்கை மகனை மயக்குகிறது. பந்தயம் வேண்டுவோர்க்குப் பந்தயத் தடம் உண்டு. சோழவரத்து ஓடுதளத்தில் ஒரு காலத்தில் ஓட்டினார்கள், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டுகிறார்கள். அங்கே நுழைபவன் ஆபத்தை அறிந்து ஏற்கிறான். அன்னக்கூடை சுமந்தவர் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை.

திருச்சபை இது குறித்து மௌனமாக இல்லை. வேகத்தின் மீதுள்ள மோகத்தால் தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்பவர் கனமான குற்றத்துக்கு ஆளாகின்றனர் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290-ஆம் எண்ணில் கூறுகிறது; குடிவெறியையும் அதே வாக்கியத்தில் வைக்கிறது. 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி ஏடு, ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகளையே வகுத்தது. மௌனமாக இருப்பவர்கள் நாம்தாம். குடியைப் பற்றித் தவக்காலம் தோறும் மறையுரை கேட்கிறோம். வேகத்தைப் பற்றி ஒரு மறையுரையேனும் கேட்டதுண்டா? "தந்தையே, வண்டியை வெறியோடு ஓட்டினேன்" என்று ஒப்புரவு அருட்சாதனத்தில் நம்முள் எத்தனை பேர் அறிக்கையிட்டிருக்கிறோம்? கொலை செய்யாதே என்னும் கட்டளையை மனச்சான்று ஆய்வில் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற துணிவு.

ஆதலால் நம் பங்குகளுக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, வண்டியை மந்திரிக்கும்போது ஓட்டுபவர் எல்லார் முன்னிலையிலும் ஒரு வாக்குறுதி தரட்டும்: நடந்து செல்பவருக்கு வழிவிடுவேன், வரம்பை மீறேன் என்று. வாக்குறுதியின்றித் தெளிக்கும் நீரைத் தாயத்தாகவே நம் மக்கள் எண்ணிவிடுவர். இரண்டாவது, மனச்சான்று ஆய்வுக் குறிப்பில் சாலையும் ஓர் இடம் பெறட்டும். பணச்செலவில்லாத செயல்கள் இவை.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன பாதையில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் இருவர் விலகிப் போயினர். சமாரியனோ தான் ஏறிவந்த விலங்கின் மீது அவனை ஏற்றினான். அந்த விலங்கு எவ்வளவு விரைந்து ஓடக்கூடியது என்பதை லூக்கா எழுதவில்லை. அது யாரைச் சுமந்தது என்பதையே எழுதினார். வண்டிகளை ஒப்பிட நமக்கு அந்த அளவுகோல் போதும்.

பிணைக் கையெழுத்தை நான் இன்னும் இடவில்லை, மறுக்கவும் இல்லை. தங்கை மகனிடம் ஒன்றே கேட்டிருக்கிறேன். ஒரு வாரம், மாலை வேளையில், அந்தச் சாலையைக் குப்பத்துப் பெண்களோடு சேர்ந்து நடந்தே கடந்து வரட்டும். அதன்பின்னும் அந்த வண்டி வேண்டுமென்றால், பேனாவோடு வருகிறேன்.