லம்ப்ரைஸ் யாருடைய சாப்பாடு?

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு, பக்கத்தில ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடையில லம்ப்ரைஸ் பார்சல் பிரிச்சோம். வாழையிலையில சுற்றிச் சுட்ட சோறு, கலவை இறைச்சிக்கறி, கத்தரிக்காய், றால் பிளாச்சன், பிரிக்காடெல் உருண்டை. கடைக்கார அன்ரி கேட்காமலே இன்னும் கொஞ்சம் சீனிச்சம்பல் வைத்தார். நண்பன் மட்டும் "இது பறங்கியர் சாப்பாடு, எங்கட இல்லை" என்றான்.

அப்ப எது மச்சான் எங்கட? காலையில நீ சாப்பிட்ட பாண், போர்த்துக்கேயர் தந்த சொல். சம்பல் மிளகாயும் அமெரிக்காவில இருந்து அவர்களோட கப்பலேறி வந்ததுதான். மட்டக்களப்பில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுகிற பறங்கியர் தமிழும் பேசுகிறார்கள். பாண் எங்கட, அவர்கள் மட்டும் வெளியாட்களா? "நீ வந்தேறி" என்று எங்களைச் சொன்னால் கொதிக்கிற வாய்தானே இது!

அவன்ர உருண்டையையும் நானே சாப்பிட்டேன்.